கம்யூனிட்டி காலேஜில் மருத்துவத் துறை, சைகை மொழி, சமூக அறிவியல்: அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவுக்கு வந்து நாலைந்து வருடம் ஆனதும் வீட்டில் யாராவது ஒருவர் "பக்கத்துல இருக்கற கம்யூனிட்டி காலேஜ்ல ஏதாவது படிக்கலாமா?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். சைகை மொழி இரண்டு பருவம், சமூகவியல் ஒரு பருவம். அதன்பிறகு என்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. வகுப்பை முதலில் தேடாதீர்கள். எந்த வேலை வேண்டும், அந்த வேலைக்கு உங்கள் மாநிலம் என்ன லைசென்ஸ் கேட்கிறது என்று பாருங்கள். அந்த லைசென்ஸுக்கு என்ன படிப்பு, அந்தப் படிப்புக்கு முன்னால் என்னென்ன பாடம் என்று பின்பக்கமாக நடந்து வாருங்கள். பணத்தையும் வருடத்தையும் இழந்தவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்தவர்கள்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் சீட் கிடைக்காதவர்கள் போகும் இடம்தானே?

நம் ஊர்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் அப்படித் தெரியும். இலினாய் மாநிலத்தில் 1901-இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜ்தான் இன்றும் இயங்கும் அரசுக் கம்யூனிட்டி காலேஜ்களில் மூத்தது. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடப் படிப்பை உள்ளூரிலேயே தருவதுதான் அதன் நோக்கமாக இருந்தது. இன்று கல்லூரிக்குள் நுழைய யாருக்கும் தடையில்லை. ஆனால் உள்ளே சில அறைகளுக்குப் பூட்டு உண்டு. நர்சிங், பல் சுகாதாரம் போன்றவற்றில் இடம் கிடைப்பது சில பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதைவிடக் கடினம்.

முழுப் படிப்பு முடித்தால் கிடைப்பது அசோசியேட் டிகிரி. பொதுவாக 60 கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு), இரண்டு வருடம். சில மாதங்களில் முடியும் சான்றிதழ்ப் படிப்புகளும் நிறைய உண்டு.

என் மனைவி எச்-4 விசாவில் இருக்கிறார். படிக்க முடியுமா?

தாராளமாக. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான இந்த விசாவை மாற்றாமலேயே முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ படிக்கலாம். மாணவர் விசாவான எஃப்-1-க்கு உள்ள "பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட்" என்ற கட்டாயமும் எச்-4-க்குக் கிடையாது.

சிக்கல் படிப்பில் இல்லை, படிப்பு முடிந்த மறுநாளில் இருக்கிறது. வேலை செய்ய எச்-4 ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி வேண்டும். 2015-இல் வந்த விதியின்படி, கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 (கிரீன் கார்டுக்காக வேலை தருபவர் போடும் மனு) ஏற்கப்பட்டிருந்தால், அல்லது அவருடைய எச்-1பி ஆறு வருடத்தைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் நர்சிங் முடித்து, தேர்வில் தேறிய பிறகும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார நேரிடும். சில மாநிலங்களில் லைசென்ஸுக்கே சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கிறார்கள். சேர்வதற்கு முன்பே உங்கள் மாநில நர்சிங் வாரியத்திடம் விசாரித்துவிடுங்கள்.

பிள்ளை எச்-4-இல் இருந்தால் 21 வயதில் அந்தத் தகுதி முடிந்துவிடும். நடுவழியில் எஃப்-1-க்கு மாற வேண்டியிருக்கும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்திருக்கிறார். ஒரு வகுப்பில் சேர்க்கலாமா?

கிரெடிட் தரும் வகுப்பில் கூடாது. பொழுதுபோக்குக்கான, கிரெடிட் இல்லாத குறுகிய வகுப்புக்குப் போகலாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (அதாவது கிரெடிட்டுக்கு) 46 டாலர், வெளியாருக்கு அதைப்போலப் பல மடங்கு. எனவே உங்கள் விசாவில் நீங்கள் மாநிலவாசியாகக் கணக்கில் வருவீர்களா என்பதே முதல் கேள்வி. பல மாநிலங்களில் எச்-4 வைத்திருப்பவரும் வரலாம், ஆனால் வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், ஓட்டுநர் உரிமம் எல்லாம் காட்ட வேண்டும். பெல் கிராண்ட் போன்ற மத்திய அரசு உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், இன்னும் சில வரையறுக்கப்பட்ட பிரிவினருக்கும் மட்டும்தான். 2024–25 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர்.

மருத்துவத் துறைப் படிப்புகளில் கட்டணம் போகச் சீருடை, ஸ்டெதஸ்கோப், பின்னணிச் சோதனை, தடுப்பூசி, லைசென்ஸ் தேர்வு என்று தனிக் கணக்கு ஒன்று ஓடும். கல்லூரி வலைத்தளத்தில் இது எங்கேயோ அடியில் கிடக்கும். தேடிப் படியுங்கள்.

நர்சிங் "இரண்டு வருடப் படிப்பு" என்கிறார்களே, நிஜமாகவே இரண்டு வருடமா?

நர்சிங் வகுப்பு மட்டும் இரண்டு வருடம். அதில் நுழைய உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், ஆங்கிலக் கட்டுரை, பெரும்பாலும் புள்ளியியல், உளவியல் எல்லாம் முடித்திருக்க வேண்டும். ஒன்றைப் படித்தால்தான் அடுத்தது என்று அறிவியல் பாடங்கள் சங்கிலியாக நிற்பதால் அதற்கே ஒரு வருடத்துக்குக் குறையாது. பிறகு டீஸ் போன்ற நுழைவுத் தேர்வு. அதன்பிறகு மதிப்பெண் வரிசை, காத்திருப்புப் பட்டியல், சில கல்லூரிகளில் குலுக்கல்கூட உண்டு. ஆக மூன்றிலிருந்து நான்கு வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது என்ன? பி.எஸ்ஸி. நர்சிங் படித்தவர் எழுதும் அதே என்க்ளெக்ஸ்-ஆர்.என். என்ற செவிலியர் லைசென்ஸ் தேர்வு. கணினியில் 85 முதல் 150 கேள்விகள் வரை வரும். நீங்கள் பதில் சொல்லும் விதத்தைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி மாற்றிக்கொண்டே போகும். தேறினால் இரண்டு வருடக்காரரும் நாலு வருடக்காரரும் ஒரே ஆர்.என்.தான் (பதிவு பெற்ற செவிலியர்). பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்ஸி. உள்ளவரையே விரும்புகின்றன என்பது உண்மை. அதை வேலையில் இருந்துகொண்டே ஆன்லைனில் முடிப்பவர்கள் ஏராளம்.

ஒரு எச்சரிக்கை. பல கல்லூரிகள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்கு முந்தைய அறிவியல் பாடங்களை ஏற்பதில்லை. 2005-இல் கோயம்புத்தூரில் படித்த பி.எஸ்ஸி. விலங்கியல் இங்கே பொதுக் கல்விக் கிரெடிட்டாக உதவலாம், உடற்கூறியலுக்கு மாற்றாக ஆகாது.

ஊரில் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து வேலையும் பார்த்திருக்கிறேன். மறுபடி முதலிலிருந்தா?

பெரும்பாலும் தேவையில்லை. உங்கள் சான்றிதழ்களை மதிப்பீட்டு நிறுவனம் பாடவாரியாக ஆராய்ந்து மாநில வாரியத்துக்கு அனுப்பும். வாரியம் ஏற்றுக்கொண்டால் நேராகத் தேர்வு எழுதலாம். ஏதாவது ஒரு பிரிவில் மணிநேரம் குறைகிறது என்று வாரியம் சொன்னால் அந்த ஒரு பாடத்தைப் படிக்கக் கம்யூனிட்டி காலேஜ் உதவும். வாரியத்தின் கடிதம் கைக்கு வரும்முன் எதிலும் சேராதீர்கள்.

சீக்கிரம் முடியும் படிப்பு எது?

சி.என்.ஏ. என்னும் நர்சிங் உதவியாளர் பயிற்சி. மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணிநேரம். மாநிலங்கள் கூட்டிக்கொள்ளலாம், கலிபோர்னியாவில் 160. எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. கை கழுவுவதிலேயே தொடங்கும், அதிலேயே தோற்பவர்களும் இருக்கிறார்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: பயிற்சி முடித்த 12 மாதத்துக்குள் மெடிகேர் அல்லது மெடிகெய்ட் (அரசு மருத்துவக் காப்பீடுகள்) அங்கீகாரம் உள்ள நர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்தால், கட்டிய பயிற்சிக் கட்டணத்தைத் திரும்பப் பெற விதியில் வழி இருக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள்.

வேலை லேசானது என்று நினைத்துவிட வேண்டாம். முதியவரைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது. வீட்டில் பாட்டிக்குச் செய்த கை இதற்குப் பழகிய கைதான். ஆனால் ஒரு ஷிஃப்டில் பத்துப் பாட்டிகள் இருப்பார்கள்.

நர்சிங் தவிர வேறு என்ன?

எக்ஸ்ரே தொழில்நுட்பம், சுவாசச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், பிசியோதெரபி உதவியாளர், ரத்தம் எடுக்கும் பயிற்சி, ஆம்புலன்ஸ் முதலுதவி என்று பட்டியல் நீளம். எக்ஸ்ரே துறையில் ஏ.ஆர்.ஆர்.டி. என்ற தேசிய அமைப்பின் சான்றிதழுக்கு 2015 முதல் அசோசியேட் டிகிரியாவது கட்டாயம். எனவே மூன்று மாதத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன் ஆக்குகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சென்னையில் மெடிக்கல் கோடிங் (சிகிச்சைகளைக் காப்பீட்டுக்காகக் குறியீடுகளாக மாற்றும் வேலை) பார்த்துவிட்டு வந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஏ.ஏ.பி.சி. அமைப்பின் சி.பி.சி. சான்றிதழ் வைத்திருந்தால் அது இங்கேயும் அதே சான்றிதழ்தான், உறுப்பினர் கட்டணத்தையும் தொடர்கல்வியையும் விடாமல் இருந்தால் போதும். அவர்கள் கோடிங் வகுப்பில் பணத்தைப் போடுவதைவிட உடற்கூறியலோ மருத்துவச் சொற்களோ ஒரு பாடம் படிப்பது மேல்.

கிளினிக்கலுக்கு (மருத்துவமனைப் பயிற்சிக்கு) முன்னால் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள். என்னிடம் ஒன்றுமே இல்லையே?

நம்மில் பாதிப் பேரிடம் இருக்காது. ரத்தப் பரிசோதனையில் தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டினால் பெரும்பாலும் ஏற்பார்கள். ஹெபடைடிஸ்-பி ஊசி போடவில்லையென்றால் இன்றே தொடங்குங்கள். வழக்கமான மூன்று ஊசிகள் முடிய ஆறு மாதம் ஆகும்.

காசநோய்ச் சோதனை நமக்கென்றே உள்ள தலைவலி. தோளில் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு இருப்பவருக்குத் தோலில் செய்யும் சோதனை, நோய் இல்லாமலேயே இருப்பதாகக் காட்டிவிடலாம். பிறகு மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைச்சல். பி.சி.ஜி. போட்டவர்களுக்கு ரத்தத்தில் செய்யும் சோதனையே பொருத்தம் என்பது மருத்துவ வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள்.

சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றுதானே? ஒருமுறை கற்றால் ஊரிலும் பயன்படுமா?

இல்லை, இல்லவே இல்லை. நான் சேர்ந்தபோது எனக்கும் இதே நினைப்புதான்.

அமெரிக்காவும் இங்கிலாந்தும் பேசுவது ஆங்கிலம். ஆனால் அமெரிக்கச் சைகை மொழிக்காரருக்கு பிரிட்டன் சைகை மொழி புரியாது. பிரெஞ்சு சைகை மொழிதான் அமெரிக்கச் சைகை மொழிக்கு உறவு. காரணம் வரலாறு. தாமஸ் ஹாப்கின்ஸ் காலடெட் என்பவர் காது கேளாத குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறையைத் தேடி ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். லோரான் கிளெர் என்ற காது கேளாத ஆசிரியரைப் பாரிஸிலிருந்து அழைத்து வந்தார். இருவருமாக 1817-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கினார்கள். கிளெரின் பிரெஞ்சுச் சைகைகளும் மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சைகைகளும் கலந்துதான் இன்றைய மொழி வளர்ந்தது.

இந்தியச் சைகை மொழி வேறு. அங்கே ஆங்கில எழுத்துகளை இரண்டு கையாலும் காட்டுவார்கள், அமெரிக்காவில் ஒரே கை. இந்தியச் சைகை மொழிக்கென்று ஆய்வு, பயிற்சி மையம் 2015-இல் டெல்லியில் அமைந்தது. ஊரில் இருக்கும் உறவுக்காகக் கற்க நினைப்பவர் இங்கே வகுப்பில் சேர்ந்து பயனில்லை. ஆனால் கையால் பேசவும் கண்ணால் கேட்கவும் பழகிய பழக்கம் இருக்கிறதே, அது எந்தச் சைகை மொழிக்கும் உதவும்.

ஆங்கிலத்தைக் கையால் காட்டுவதுதானே சைகை மொழி?

மொழியியலாளர்களே ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த வில்லியம் ஸ்டோக்கி 1960-இல் வெளியிட்ட ஆய்வுதான், இது தனக்கென அமைப்பு உள்ள முழு மொழி என்று காட்டியது. கையின் வடிவம், கை நிற்கும் இடம், அசைவு என்று ஒவ்வொரு சைகையையும் அவர் பிரித்துக் காட்டினார்.

முகம்தான் இலக்கணம். ஆம்/இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் மேலே போக வேண்டும். என்ன, யார், எங்கே என்றால் புருவம் சுருங்கிக் கீழே வர வேண்டும். முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டியதற்கு எனக்கு முதல் தேர்வில் மதிப்பெண் போனது.

தமிழருக்கு இதில் ஒரு சின்னக் குறுக்குவழி இருக்கிறது. "உன் பேர் என்ன?" என்பதில் எத்தனை சொல்? மூன்று. அமெரிக்கச் சைகை மொழியிலும் மூன்றே சைகை, அதே வரிசை: உன், பேர், என்ன. ஆங்கிலத்தில் நடுவில் வரும் "இஸ்" தமிழிலும் இல்லை, சைகையிலும் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமெரிக்க மாணவர்கள் அந்த "இஸ்"ஸைத் தொலைக்க ஒரு மாதம் பாடுபட்டார்கள். எனக்குத் தொலைக்க ஒன்றும் இருக்கவில்லை.

வகுப்பு எப்படி நடக்கும்?

வாயைத் திறக்கக் கூடாது. ஆசிரியர் பெரும்பாலும் காது கேளாதவராகவே இருப்பார். முதல் நாளிலிருந்தே சைகை, எழுத்து, முகபாவம், அவ்வளவுதான். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிய கூச்சத்தோடு வாழும் நம்மவர்களுக்கு இது பெரிய விடுதலை. அந்த அறையில் எல்லோரும் ஒரே நாளில் ஊமையாகித் தொடங்குகிறார்கள். (அந்தச் சொல்லைக் காது கேளாதவரைக் குறித்து மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு மொழி இருக்கிறது, நமக்குத்தான் அது தெரியாது.) வீட்டுப்பாடமாகத் தங்களைத் தாங்களே வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். காது கேளாதோர் கூடும் நிகழ்ச்சிகளுக்குப் போய்வந்து எழுதச் சொல்வதும் உண்டு. நமக்கு நாமே சைகைப் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது. அது அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் தருவது.

நாலு பருவம் படித்தால் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடலாமா?

உரையாடலாம். மொழிபெயர்க்க முடியாது. அதற்குத் தனியாக மொழிபெயர்ப்புப் பயிற்சி வேண்டும். ஆர்.ஐ.டி. என்ற சைகை மொழிபெயர்ப்பாளர் அமைப்பின் தேசியச் சான்றிதழுக்கு, காது கேட்பவராக இருந்தால் 2012 முதல் இளங்கலைப் பட்டமோ அதற்கு ஈடாக ஏற்கப்படும் தகுதியோ வேண்டும் என்று விதி இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி, பல்கலைக்கழகத்துக்கு மாறி முடிப்பதே வழி.

ஆனால் நர்சிங் படிப்பவர் இரண்டு பருவம் சைகை மொழி படித்தால் அது வீணல்ல. 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகளின்படி, நோயாளியே மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிவர வேண்டும் என்று மருத்துவமனை சொல்ல முடியாது. அவசர நிலை தவிர, கூட வந்த சிறு பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவும் கூடாது. இரண்டு பருவம் படித்த செவிலியர் அங்கே மொழிபெயர்ப்பாளராக நடிக்க மாட்டார், "மொழிபெயர்ப்பாளர் வருகிறார், வலி எங்கே?" என்று மட்டும் கேட்பார். எவ்வளவு தெரியாது என்று தெரிந்திருப்பதும் படிப்பில் சேர்த்திதான்.

சமூக அறிவியல் படித்து என்ன பயன்? வேலை கிடைக்குமா?

அசோசியேட் டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு என்றால், நேரடியாகக் குறைவு. மனித சேவை, போதை மறுவாழ்வு ஆலோசனை, மழலையர் கல்வி ஆகியவற்றின் சான்றிதழ்கள் வேலைக்கு இட்டுச்செல்லும். உளவியல் ஆலோசகராகத் தனியாகப் பணியாற்ற முதுகலை வேண்டும், குறுக்குவழி இல்லை.

ஆனால் இந்தப் பாடங்களைத் தவிர்த்துவிட்டு மருத்துவப் பக்கம் போகவும் முடியாது. வளர்ச்சி உளவியல் பல நர்சிங் படிப்புகளில் முன்தேவை. மருத்துவக் கல்லூரிக்கான எம்கேட் தேர்விலேயே 2015 முதல் உளவியல், சமூகவியலுக்கு ஒரு முழுப் பகுதி. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோயுள்ள ஏழைக் கறுப்பின ஆண்களிடம் நோயை மறைத்து, பெனிசிலின் வந்தபிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமூகவியல் வகுப்பில் இதைப் படித்தவருக்கு, தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லும் ஒரு கறுப்பின முதியவரின் தயக்கம் அறியாமையாகத் தெரியாது.

ஒன்று சொல்லிவைக்கிறேன். சமூக அடுக்குகள் என்ற அத்தியாயத்தில் இந்தியச் சாதி உதாரணமாக வந்தே தீரும். வகுப்பே உங்களைத் திரும்பிப் பார்க்கும். "எங்கள் தலைமுறையில் அதெல்லாம் இல்லை" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். ஆசிரியர், "உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த மூன்று கல்யாணங்களைச் சொல்லுங்கள்" என்றார்.

கட்டுரை எழுதத்தான் பயம். எப்படிச் சமாளிப்பது?

எழுத்துதவி மையம் இலவசம், போங்கள். புத்தகத்தின் வரிகளை அப்படியே எழுதுவது நம் பள்ளிகளில் பாராட்டப்பட்ட திறமை, இங்கே அது திருட்டு. பாடநூல் விலை பயமுறுத்தினால், ஆசிரியர் ஓப்பன்ஸ்டாக்ஸ் நூலைப் பயன்படுத்துகிறாரா என்று பாருங்கள். உளவியல், சமூகவியல், உடற்கூறியல் எல்லாம் இணையத்தில் இலவசம்.

இங்கே படித்ததைப் பல்கலைக்கழகம் ஏற்குமா?

டிகிரியின் பெயரைப் பாருங்கள். ஏ.ஏ., ஏ.எஸ். என்றால் மேலே படிக்க மாறுவதற்காக வடிவமைத்தது. ஏ.ஏ.எஸ். என்றால் வேலைக்காக வடிவமைத்தது, அதன் கிரெடிட்கள் முழுதாக மாறாமல் போகலாம். ஒரே ஓர் எழுத்து வித்தியாசம்தான், விலை ஒரு வருடம். எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் எதற்கு ஈடாக ஏற்கும் என்று பல மாநிலங்கள் ஒப்பந்தப் பட்டியல் வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் அது அசிஸ்ட் தளத்தில் இருக்கிறது. கல்லூரி ஆலோசகர் வாயால் சொன்னதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

பள்ளியின் வேற்றுமொழித் தேவைக்காகப் பிள்ளைகள் சைகை மொழி எடுப்பதைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. எல்லாம் அல்ல.

பையன் பதினோராம் வகுப்பிலேயே கல்லூரிப் பாடம் எடுக்கிறான். அவன் மதிப்பெண்ணைக் கேட்டால் கல்லூரியில் சொல்ல மறுக்கிறார்கள்!

மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. மாணவர் பதிவுகளின் தனியுரிமைக்கான 1974-இன் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவுகள் அவருக்கே சொந்தம், 16 வயதானாலும் சரி. கட்டணம் கட்டுவது நீங்கள் என்பது அங்கே செல்லாது. அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சொல்வார்கள். அதைவிட, அவனிடமே கேட்பது எளிது. அந்த மதிப்பெண் நிரந்தரக் கல்லூரிப் பதிவில் நிற்கும், பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கும் போகும் என்பதை மட்டும் அவனுக்குப் புரியவையுங்கள்.

சேர்ந்த பிறகு சரிப்பட்டு வரவில்லையென்றால்?

இரண்டு தேதிகள் உண்டு. முதல் தேதிக்குள் விலகினால் பணம் திரும்பும், பதிவில் சுவடே இருக்காது. அதைத் தாண்டி, இரண்டாவது தேதிக்குள் விலகினால் பணம் போய்விடும், "டபிள்யூ" என்று ஓர் எழுத்து நிற்கும். அதையும் தாண்டினால் கிடைப்பது என்னவோ அதுவே மதிப்பெண். முதல் தேதி பெரும்பாலும் வகுப்பு தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே வந்துவிடும். பேசாமல் வராமல் இருந்தால் தானாகப் பெயரை நீக்கிவிடுவார்கள் என்று நம்பி "எஃப்" வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பதிவு செய்யும் அன்றே இரண்டு தேதியையும் காலண்டரில் குறித்துவிடுங்கள்.